எபிரேய ஏடும் கொற்கை முத்தும்

(கொற்கையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொற்கையில் நின்றுகொண்டு சாக்கடல் சுருள்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை ரோமானியர் ஒருவரின் புத்தகத்திலேயே இருக்கிறது. மூத்த பிளினி கி.பி. 77 வாக்கில் முடித்த 'இயற்கை வரலாறு' என்ற பெரும் தொகுப்பின் ஐந்தாம் புத்தகத்தில் சாக்கடலின் மேற்குக் கரையில் வாழ்ந்த எஸ்ஸீனர் என்ற யூதத் துறவியரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. பெண்கள் இல்லை, பணம் இல்லை, பேரீச்ச மரங்களே துணை என்று வியக்கிறார். அடுத்த புத்தகத்தைப் புரட்டினால் உள்நாட்டில் மதுரையில் இருந்து ஆளும் பாண்டியன் வருகிறான். ஒன்பதாம் புத்தகத்தில் முத்து. லொல்லியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் பூட்டிக்கொண்டு வந்ததைத் தாமே பார்த்ததாக எழுதுகிறார். எஸ்ஸீனரும் பாண்டியனும் முத்தும் ஒரே மனிதரின் மேசையில் கிடந்தவை.

ஏறக்குறைய அதே காலத்தில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' நம்மூரைக் 'கொல்கோய்' என்று குறிக்கிறது. பாண்டிய நாட்டைச் சேர்ந்தது, முத்துக்குளிக்கும் இடம், தண்டனை பெற்ற கைதிகளை வைத்து இங்கே குளிக்கிறார்கள் என்கிறது. அந்தக் கொல்கோய் இந்தக் கொற்கைதான் என்று வாதிட்டு, இங்கும் காயலிலும் தோண்டிப் பார்த்து எழுதியவர் இடையன்குடி கால்டுவெல். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 வாக்கிலானது என்று கணிக்கப்பட்டது. ஆக, இயேசு பிறந்தபோது கொற்கை பழைய ஊர். கடல் இந்தத் தெருக்கோடியில் இருந்தது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இன்று பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1947ஐ ஒட்டி, பிளினி சொன்ன அதே சாக்கடலோரம் கும்ரான் என்ற இடத்தில் ஆடு மேய்க்கும் பெதுயின் இளைஞர்கள் ஒரு குகைக்குள் மண்சாடிகளைக் கண்டார்கள். உள்ளே துணி சுற்றிய தோல் சுருள்கள். 1956க்குள் 11 குகைகள் தெரியவந்தன. 900க்கு மேற்பட்ட ஏடுகள். பெரும்பாலானவை துண்டும் துணுக்குமாக. எபிரேயம், அரமேயம், கொஞ்சம் கிரேக்கம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரையிலானவை. ஏசாயா தீர்க்கதரிசியின் சுருள் ஒன்று ஏழு மீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ முழுமையாக. அதுவரை கையில் இருந்த முழு எபிரேய வேதாகமப் படிகளைவிட அது ஆயிரம் ஆண்டு மூத்தது.

முதலில் கிடைத்த ஏழு சுருள்களில் நான்கை விலைக்கு வாங்கியவர் எருசலேமில் இருந்த சிரிய மரபு ஆயர் மார் சாமுவேல். கேரளத்து யாக்கோபாயருக்கும் அவருக்கும் தலைமைப் பீடம் ஒன்றே. 1954இல் அவர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வரி விளம்பரம் கொடுத்து அவற்றை விற்றார். ஏசாயா சுருள் 'விற்பனைக்கு' பகுதியில் வந்ததென்றால் நம்புவது கடினம். ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு கிளம்பியது சண்டை. அந்தச் சுருள்களில் 'நீதியின் போதகர்' என்று ஒருவர் வருகிறார். எதிரிகளால் துன்புறுத்தப்பட்டவர். பிரான்சின் துய்ப்போன்-சோமர் அவரை இயேசுவின் முன்மாதிரி என்றார். இங்கிலாந்தின் ஜான் அலெக்ரோ 1956இல் வானொலியில் பேசும்போது அந்தப் போதகரும் சிலுவையில் அறையப்பட்டார் என்கிற அளவுக்குப் போனார். கூட வேலை பார்த்த அறிஞர்களே, அப்படி எதுவும் ஏட்டில் இல்லை என்று 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். எதிர்த்திசையில், 1972இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் ஏழாம் குகையில் கிடைத்த கட்டைவிரல் அளவுத் துணுக்கு ஒன்று மாற்கு நற்செய்தியின் பகுதி என்றார். அதில் ஐயமின்றிப் படிக்கக்கூடிய முழுச்சொல் ஒன்றே ஒன்று. அதற்குக் கிரேக்கத்தில் 'உம்' என்று பொருள்! அதை வைத்து நற்செய்தியின் காலத்தை முன்னே தள்ளப் பார்த்தார்கள். ஏடுகளில் பாதியைச் சிறு குழு ஒன்று பூட்டிவைத்துப் பல்லாண்டு வெளியிடாமல் இருந்ததால், வத்திக்கான் மறைக்கிறது என்ற வதந்தியும் சேர்ந்துகொண்டது. 1991இல் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் படச்சுருள்களைத் திறந்துவிட்டது. கதவு திறந்த பிறகு பார்த்தால், உள்ளே இயேசு இல்லை, பவுல் இல்லை, திருமுழுக்கு யோவானும் இல்லை.

அப்படியென்றால் பயனே இல்லையா? இருக்கிறது, அதுவும் பெரிய பயன். சொத்தைப் பொதுவில் வைப்பது, ஒன்றாகச் சடங்கு உணவு உண்பது, நீரில் மூழ்கித் தூய்மை பெறுவது, ஒளியின் மக்கள் இருளின் மக்கள் என்று உலகைப் பிரிப்பது, மீட்பரை எதிர்பார்த்துக் காத்திருப்பது எல்லாமே அந்தச் சுருள்களில் உண்டு. யோவான் நற்செய்தியின் ஒளி-இருள் பேச்சு கிரேக்கத் தத்துவத்தில் இருந்து வந்தது என்று சென்ற தலைமுறை அறிஞர்கள் சிலர் சொல்லிவந்தார்கள். அது யூத மண்ணிலேயே முளைத்திருக்க முடியும் என்று காட்டியவை இந்தச் சுருள்கள். கிறிஸ்தவம் எந்த நாளில், யாரால் தொடங்கியது என்று அவை சொல்லவில்லை. எந்த நிலத்தில் தொடங்கியது என்று சொல்கின்றன.

இன்று நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுதான்: ஓர் ஏடு முதலில் சாட்சி சொல்வது அதை எழுதிய காலத்துக்கும், அதைக் காப்பாற்றிய கைகளுக்கும். அதற்குள் இருக்கும் கதைக்குச் சாட்சி சொல்வது அதற்குப் பிறகுதான். நம் ரேஷன் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாத்தாவின் வயது இருக்கும். ஆனால் கார்டு தாத்தா பிறந்ததைப் பார்த்ததில்லை. எழுத வந்தவரிடம் அன்று வீட்டில் இருந்தவர் சொன்னதைத்தான் அது அறியும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் பக்கத்து ஏடுகளைப் பார்ப்போம்.

நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் ஒரு செய்தி தருகிறார். அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவப் பள்ளிக்குத் தலைவராக இருந்த பந்தேனுஸ், இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குப் போனாராம். அங்கே மத்தேயு நற்செய்தி எபிரேய எழுத்தில் இருப்பதைக் கண்டாராம். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அப்போஸ்தலர் பர்த்தலமேயு என்றார்களாம். பின்னால் வந்த ஜெரோம் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டி, பந்தேனுஸ் அந்த ஏட்டைத் திரும்ப அலெக்சாந்திரியாவுக்கே எடுத்துவந்தார் என்கிறார்.

கிறிஸ்தவத்தின் தோற்றம் பற்றிய வாதங்களில் எபிரேய மத்தேயு பெரிய பரிசு. இப்போது நம்மிடம் உள்ள மத்தேயு கிரேக்கத்தில் இருக்கிறது. எபிரேய மூலம் ஒன்று இருந்ததா என்பது இரண்டாம் நூற்றாண்டில் இருந்து ஓயாத கேள்வி. அந்த ஏடு இந்தியாவில் இருந்தது என்றால் நம் நெஞ்சு விம்மாதா? அவசரப்பட வேண்டாம். அக்காலத்துக் கிரேக்கர் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட 'இந்தியா' என்றே எழுதினார்கள். பந்தேனுஸ் ஏமன் நாடு வரை மட்டுமே வந்து திரும்பியிருக்கவும் கூடும் என்பது பல அறிஞர்களின் கருத்து.

மறுபக்கமும் லேசானதல்ல. அலெக்சாந்திரியாவில் இருந்தவருக்குத் தமிழகக் கடற்கரை எட்டாத ஊரன்று. இன்று வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். 'ஹெர்மபொல்லோன்' என்ற ஒரே கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு சுமார் 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்று அதன் மறுபக்கக் கணக்கு காட்டுகிறது. செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்று தமிழில் கீறிய ஓடு கிடைத்தது. போக்குவரத்து இருந்தது, ஐயமில்லை. பந்தேனுஸ் வந்திருக்க முடியும். ஆனால் முடியும் என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல. என் தீர்ப்பு: யூசேபியுசின் வரிகள், நான்காம் நூற்றாண்டில் இந்தியாவில் பழைய கிறிஸ்தவர்கள் உண்டு என்று நம்பினார்கள் என்பதற்கு உறுதியான சாட்சி. அதற்கு மேல் கேட்டால் அவை வாய் திறக்கா.

அடுத்தது 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடெஸ்ஸா வட்டாரத்தில், சிரியாக் மொழியில் பிறந்த நூல். இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச எனக்கு ஆசை. படிக்கத் தெவிட்டாத கதை. இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். ஹப்பான் என்ற வணிகருக்குத் தச்சு வேலை தெரிந்த அடிமையாக அவர் விற்கப்படுகிறார். கப்பல் ஏறி வந்து இறங்கும் துறைமுக நகரில் அரசகுமாரியின் கல்யாண விருந்து. அங்கே அவர் எபிரேயத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறார். விருந்தில் யாருக்கும் புரியவில்லை. குழலூதும் பெண் ஒருத்திக்கு மட்டும் புரிகிறது. அவளும் எபிரேயப் பெண். அவர் முகத்தையே பார்த்தபடி ஊதுகிறாள். கதைதான். ஆனால், இந்தியப் பயணத்தின் முதல் துறையிலேயே ஒரு யூதப் பெண்ணை நிறுத்தினால் கேட்பவர் ஒப்புக்கொள்வார் என்று மூன்றாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர் எண்ணியிருக்கிறார். எனக்கு அது தோமாவின் அற்புதங்களைவிடப் பெரிய செய்தி.

அதே நூலில் குந்தபர் என்று ஓர் அரசர். தோமாவிடம் அரண்மனை கட்டப் பணம் கொடுத்து ஏமாறுகிறவர். தோமா அதை ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, அரண்மனை வானுலகில் தயார் என்கிறார். வெகுகாலம் இந்த அரசரைக் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். 1830களில் ஆப்கானிஸ்தானப் பக்கம் கிடைத்த நாணயங்களில் கொண்டோபாரஸ் என்ற பெயர் வெளிப்பட்டது. முதல் நூற்றாண்டில் காந்தாரத்தை ஆண்ட உண்மையான மன்னர்! தக்த்-இ-பாஹி கல்வெட்டும் அவரைப் பேசுகிறது. உடனே கதையை நம்பியவர்கள், மறுத்தவர்கள் என இரு தரப்பும் வெற்றி முழக்கமிட்டன. ஒரு பெயர் சரி என்பதால் கதை முழுவதும் சரியாகிவிடாது. ஒரு கதையில் புனைவு உண்டு என்பதால் அதில் உள்ள பெயரும் பொய்யாகிவிடாது. அதுவும் அந்த மன்னர் தட்சசீலப் பக்கத்தவர். மயிலைக்கும் மலபாருக்கும் அவரால் ஆவது ஒன்றுமில்லை.

இந்நூலுக்குள் பொதிந்திருக்கிறது 'முத்துப் பாடல்' என்று உலகம் அழைக்கும் கவிதை. கிழக்கத்திய இளவரசன் ஒருவன் எகிப்துக்கு அனுப்பப்படுகிறான். கடல் நடுவே, சீறி மூச்சுவிடும் பாம்பு சுற்றிக் கிடக்கும் ஒற்றை முத்தைக் கொண்டுவர வேண்டும். எகிப்தியரின் சோற்றைத் தின்று, வந்த வேலையை மறந்து தூங்கிப்போகிறான். பெற்றோர் அனுப்பிய கடிதம் கழுகாகப் பறந்து வந்து அவனை எழுப்புகிறது. தந்தையின் பெயரைச் சொல்லிப் பாம்பை உறங்கவைத்து முத்தை எடுக்கிறான். சலாபத்துக்குப் போகும் தோணிகளில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிகளை அறிந்த கரை இது. அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று மார்கோ போலோ எழுதினார். இளவரசன் பாம்பை மயக்கும் காட்சியை இந்தக் கரையில் படிப்பவர் உடனே இனம் கண்டுகொள்வார். ஆனால் அந்தப் பாட்டு நம் முத்தைப் பாடியது என்று யாரும் மேடையில் முழங்க வேண்டாம். பாரசீக வளைகுடாவிலும் முத்து உண்டு; எடெஸ்ஸாவுக்கு அதுதான் பக்கம். இந்தக் கவிதை சிரியாக்கில் ஒரே ஒரு கையெழுத்துப் படியிலும், கிரேக்கத்தில் ஒரே ஒரு படியிலும்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. சிரியாக் படி 936ஆம் ஆண்டு எழுதியது. காத்தவை சிரியக் கிறிஸ்தவர்களின் கைகள். கும்ரான் சுருளை வாங்கிய மார் சாமுவேலின் முன்னோரும் அந்த மொழியில்தான் செபித்தார்கள்.

யூத ஏடு நம் பக்கத்தில் உண்மையிலேயே கிடைத்த கதைக்கு வருகிறேன். கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் துணைத்தலைவராக இருந்த கிளாடியஸ் புக்கானன் 1806இல் தெற்கே பயணம் வந்தார். கொச்சி யூதர்களிடம் மிகப் பழைய தோரா சுருள் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஐரோப்பிய யூதர் வேதத்தில் கைவைத்து, இயேசுவைச் சுட்டும் இடங்களை மாற்றிவிட்டார்கள் என்று அக்காலத்தில் ஒரு பழி உலவியது. உலகின் ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்ந்த மலபார் யூதரின் ஏடு வேறு மாதிரி இருந்தால் குட்டு உடைந்துவிடும் அல்லவா?

தேடியது கிடைத்தது. சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுத்தோல். 37 தோல்களை ஒன்றோடொன்று தைத்த சுருள். நீளம் 48 அடி, அகலம் 22 அங்குலம். லேவியராகமமும் உபாகமத்தின் பெரும்பகுதியும் போய்விட்டன. புக்கானன் அதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். தாமஸ் யேட்ஸ் என்பவர் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு 1812இல் முடிவை அச்சிட்டார். சிறுசிறு எழுத்து வேறுபாடுகளைத் தவிர, ஐரோப்பாவில் அச்சான எபிரேய வேதமும் இதுவும் ஒன்றே. பழி போட வந்தவர்களின் கையில் இருந்த ஏடே பழியைத் துடைத்துவிட்டது.

இன்னொரு விந்தையும் உண்டு. எபிரேயத்தில் எழுதிய புதிய ஏற்பாடு ஒன்றும் அங்கே தமக்குக் கிடைத்ததாகப் புக்கானன் எழுதுகிறார். பந்தேனுஸ் கண்டது போலவே இந்தியாவில் எபிரேய நற்செய்தி! ஆனால் அதை மொழிபெயர்த்தவர் அப்போஸ்தலர் அல்லர். கிறிஸ்தவத்தை மறுப்பதற்காகவே அதைப் படித்து மொழிபெயர்த்த கற்றறிந்த யூதர் ஒருவர் என்பது புக்கானன் கேட்ட வரலாறு. ஓர் எபிரேய நற்செய்தி ஓர் ஊரில் இருந்தால் அதைக் கொண்டுவந்தவர் விசுவாசியாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கொச்சி அப்படி இல்லை என்கிறது.

அதைவிடப் பழைய, உறுதியான சாட்சி செப்பேட்டில் இருக்கிறது. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளின் கடைசி ஏட்டில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலர் கூஃபி அரபியில், சிலர் பகலவி எழுத்தில், சிலர் எபிரேய எழுத்தில். கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த கொடைக்கு முஸ்லிமும் பார்சியும் யூதரும் சாட்சி. சாசனம் நம் வட்டெழுத்தில். கொற்கையில் இருந்து தோணியில் குமரியைச் சுற்றினால் கொல்லம் அடுத்த வீடு.

இந்தக் கரையின் கிறிஸ்தவத்துக்கே வருகிறேன். 'தோமா இங்கே வந்தாரா ஐயா?' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். கேரளத்திலும் மயிலாப்பூரிலும் அந்த மரபு பழையது. அதை வைத்திருப்பவர்களின் வாழ்வில் அது உயிருள்ளது. ஆனால் முத்துக்கரைப் பரதவருக்குக் கடன் வாங்கிய தொன்மை தேவையில்லை. உலகில் மிகச் சில கிறிஸ்தவச் சமூகங்களுக்குத்தான் தங்கள் தொடக்கம் ஏட்டோடு கிடைத்திருக்கிறது. அதில் ஒன்று இது.

1530களில் முத்துச்சலாபத்தின் உரிமை பற்றி இந்தக் கரையில் இரத்தம் சிந்திய பூசல். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். நடுவில் நின்று வழிகாட்டியவர் யோவான் தா குரூஸ் என்ற குதிரை வணிகர். 1536-37இல் ஊர் ஊராகத் திருமுழுக்கு. இதில் கடல் உண்டு, வரி உண்டு, பயம் உண்டு, கணக்கு உண்டு. சிலருக்கு இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறது. விசுவாசம் அரசியலில் பிறக்கலாமா என்கிறார்கள். முதல் நூற்றாண்டு யூதேயாவில் வரியும் ரோமானியப் படையும் இல்லாமலா இயேசு பேசினார்? அங்கே அந்தப் பக்கங்கள் நமக்கு மங்கிவிட்டன. இங்கே மங்கவில்லை, அவ்வளவே.

1542இல் சவேரியார் வந்தார். தமிழும் போர்ச்சுக்கீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்ததையும், மணியடித்துத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்ததையும் 1544 ஜனவரி 15 தேதியிட்ட கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அப்போஸ்தலர் யாராவது இப்படித் தேதி போட்டுக் கடிதம் எழுதியிருந்தால் விவிலிய அறிஞர்களில் பாதிப்பேருக்கு வேலை போயிருக்கும்.

சவேரியாருக்குப் பின் இந்தக் கரையைத் தாங்கியவர் என்றிக்கே என்றீக்கஸ். நம்மவர் வாயில் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுகலில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர்கள். அந்த இரத்தத்தைக் காரணம் காட்டிப் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. 1545இல் இயேசு சபை ஏற்றது. அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். 1549க்குள் தமிழுக்கு இலக்கணம் எழுதிவிட்டார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இல் 669 பக்கத்தில் அடியார்களின் வரலாறு. செலவுக்குப் பணம் இந்தக் கரையின் பரதவர் கொடுத்தது. கடலுக்குள் மூச்சடக்கி எடுத்த சிப்பியின் காசு.

சற்று யோசியுங்கள். கோவாவில் 1560இல் விசாரணை மன்றம் அமைந்தது. யூத வழிவந்த கிறிஸ்தவர்கள் மறைவில் யூத ஆசாரம் காக்கிறார்களா என்று துருவுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 1593இல் இயேசு சபையே யூத வழியினரை இனிச் சேர்ப்பதில்லை என்று சட்டம் போட்டது. அப்போது புன்னைக்காயலில், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே யூத வழியில் வந்த கிழவர் தமிழில் ஒப்புரவு கேட்டுக்கொண்டிருந்தார். அவரை என்ன செய்வது என்று சட்டம் போட்டவர்களுக்கும் தெரிந்திருக்காது. 1600இல் இறக்கும் வரை இந்தக் கரைதான் அவருக்கு ஊர். கொற்கை தூர்ந்து காயல் வந்தது, காயல் தூர்ந்து புன்னைக்காயல் வந்தது. ஆற்றின் பின்னாலேயே போன துறைமுகத்தின் கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்து அவர் தமிழ் எழுதினார்.

'தம்பிரான் வணக்க'த்தின் படி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பனில். அடியார் வரலாறு வத்திக்கானில். 1950களில் தனிநாயகம் அடிகள் இந்தப் பழைய அச்சுகளைத் தமிழரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகள் அடியார் வரலாற்றைத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியே பதிப்பித்தார். கும்ரானைப் பற்றி என்னிடம் பத்துக் கேள்வி எழுதி அனுப்பிய இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: எபிரேயம் கற்றுக்கொள்ளுங்கள், தடையில்லை. அதற்கு முன் அந்த 1967 பதிப்பை எடுத்து ஓர் ஐம்பது பக்கம் படித்துவிட்டு வாருங்கள். நானூறு ஆண்டுக்கு முந்தைய இந்தக் கரையின் பேச்சு அதில் இருக்கிறது. உங்கள் பாட்டிமார் சிலர் இன்னும் அப்படிப் பேசுகிறார்களா என்று கேட்டு எழுதி வைத்திருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறேன்.